டைப்-சி என்றால் வேகம் என்று யார் சொன்னது?

ஆவணி பிறந்துவிட்டால் செங்கோட்டையில் என் சர்வீஸ் கடைக்கு ஸ்டுடியோக்காரர்கள் வரத்து கூடிவிடும். ஆடி முடிந்து இந்தப் பக்கம் முகூர்த்தம். மலையாள மாதக் கணக்கில் கர்க்கடகம் முடிந்து சிங்கம் பிறப்பதால் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம், கேரளத்திலும் கல்யாணம். இரண்டு பக்கமும் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேமராக்காரர்கள்தான். அப்படி ஓடுகிற புளியரைக்காரர் ஒருவர் போன வருஷம் புது எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கிற வேகமான டிஸ்க்) ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வாங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

"அண்ணாச்சி, இது டூப்ளிகேட்டு. டப்பாவுல ஆயிரம்னு போட்டிருக்கான், நாப்பதைத் தாண்ட மாட்டேங்கு."

இரண்டு கேமரா வைத்து எடுத்த கல்யாணம், 400 ஜிபி. விநாடிக்கு 38 எம்பி வேகத்தில் காப்பி ஓடிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் எஸ்எஸ்டியைப் பார்க்கவில்லை, அதில் மாட்டியிருந்த கேபிளைப் பார்த்தேன். வெள்ளை நிறம், ஒன்றரை மீட்டர், போன் சார்ஜரோடு வந்தது. டப்பாவில் இருந்த கேபிள் எங்கே என்று கேட்டேன். "அது சாண் நீளம்தான் இருந்துச்சு, வசதிப்படலை, வீட்டுல கிடக்கு" என்றார். என் டிராயரிலிருந்து குட்டையான ஒரு கேபிளை எடுத்து, அதே லேப்டாப்பில் அதே போர்ட்டில் மாட்டினேன். வேகம் 900ஐத் தொட்டது. 400 ஜிபியும் கால் மணி நேரத்துக்குள் ஏறிவிட்டது.

டைப்-சி என்பது வாயின் வடிவம் மட்டும்தான். அந்த வாய்க்குள் 24 முனைகள் உண்டு. சார்ஜிங் கேபிள்களில் பெரும்பாலும் மின்சாரத்துக்கான கம்பிகளும், யூஎஸ்பி 2.0 டேட்டாவுக்கான ஒரு ஜோடியும்தான் இருக்கும். அதிவேக ஜோடிக் கம்பிகளே உள்ளே ஓடாது. யூஎஸ்பி 2.0 வந்தது 2000ஆம் ஆண்டு, அதன் உச்சம் விநாடிக்கு 480 மெகாபிட், திரையில் தெரிகிற எம்பி கணக்கில் 60தான். அந்தக் காலத்து வேகத்தைத்தான் இன்றைய எஸ்எஸ்டியின் கழுத்தில் கட்டிவிட்டிருந்தார் நம் ஆள்.

எங்கள் ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். சென்னையிலிருந்து கொல்லம் ரயில் எவ்வளவு வேகமாக வந்தாலும் பகவதிபுரம் தாண்டி மலையேறும்போது ஊர்ந்துதான் போகும். அகலப்பாதையாக மாற்றி 2018இல் திறந்த பிறகும் மலை மலைதான். கம்ப்யூட்டரின் போர்ட், கேபிள், டிஸ்க் மூன்றில் எது மெதுவோ அதுதான் மொத்த வேகம்.

டப்பாவில் உள்ள எண்ணிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. போர்ட்டின் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், காப்பி ஆகும்போது திரையில் தெரிவது பைட். எட்டு பிட் ஒரு பைட். 10 ஜிகாபிட் என்றால் விநாடிக்கு 1250 எம்பி, சில்லறைக் கழிவு போக கையில் வருவது ஆயிரத்தைச் சுற்றி. 5 ஜிகாபிட்டுக்கு 400, 450 வந்தால் திருப்திப்பட்டுக்கொள்ளலாம்.

பெயர்களைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும். 2008இல் யூஎஸ்பி 3.0 என்று 5 ஜிகாபிட் வந்தது. 2013இல் 10 ஜிகாபிட்டோடு 3.1 வந்ததும் பழைய 3.0க்கு '3.1 ஜென் 1' என்று பெயர் மாற்றினார்கள். 2017இல் 3.2 வந்ததும் அதே சரக்கு '3.2 ஜென் 1' ஆயிற்று. ஆக, பெட்டியில் 3.2 என்று இருந்தால் அது 5ஆகவும் இருக்கலாம், 10ஆகவும் இருக்கலாம், 20ஆகவும் இருக்கலாம். பெயரை விடுங்கள், ஜிகாபிட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த 20 ஜிகாபிட் ரகத்துக்கு 'ஜென் 2x2' என்று பெயர். அதற்கென்று போர்ட் உள்ள கம்ப்யூட்டர்கள் குறைவு. சாதாரண 10 ஜிகாபிட் போர்ட்டில் மாட்டினால் 10க்கு இறங்கிவிடும். பெரும்பாலான தண்டர்போல்ட் 3, 4 போர்ட்டுகளிலும் (டைப்-சி வாயிலேயே வரும் இன்னொரு அதிவேக இணைப்பு, பின்னால் சொல்கிறேன்) அதே கதைதான். கூடுதல் காசு கொடுத்து அதை வாங்காதீர்கள் என்றுதான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன்.

பழைய ஸ்டுடியோக்காரர்களுக்குப் பயர்வயர் நினைவிருக்கும். எங்கள் பக்கம் '1394 கார்டு' என்பார்கள், சிலருக்கு அது வெறும் 'கேப்ச்சர் கார்டு'. மினி டிவி (Mini DV) வீடியோ கேசட்டில் எடுத்த கல்யாணத்தை அதன் வழியாகத்தான் கம்ப்யூட்டரில் இறக்குவோம். ஒரு மணி நேரக் கேசட் இறங்க ஒரு மணி நேரம், டிஸ்க்கில் 13 ஜிபி இடம். காகிதத்தில் அதன் வேகம் 400 மெகாபிட், யூஎஸ்பி 2.0ஐவிடக் குறைவு. ஆனால் கையில் கிடைத்த வேகம் பயர்வயரில்தான் அதிகம். யூஎஸ்பியில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் 'ஏதாவது இருக்கா?' என்று கேட்டால்தான் சாதனம் கொடுக்கும். பயர்வயரில் சாதனங்கள் தாமாகவே பேசிக்கொள்ளும், வீடியோவுக்கென்று பாதையில் ஒரு பங்கை ஒதுக்கியும் வைக்கும். அதனால் தாலி கட்டும் நேரத்தில் பிரேம் குதிக்காது. நல்ல சரக்குதான். ராயல்டியும் கூடுதல் சிப் செலவும் சேர்ந்து விலையில் யூஎஸ்பியோடு மல்லுக்கட்ட முடியவில்லை, கேசட்டும் ஒழிந்தது, அதுவும் போயிற்று. டிஸ்க்கை வெளியே மாட்ட இசாட்டா (eSATA) என்று ஒன்றும் வந்தது. டிஸ்க்குக்கு வேண்டிய வேகம் இருந்தது, ஆனால் அந்தக் கேபிளில் மின்சாரம் வராது. தனியாக அடாப்டர் தூக்கிக்கொண்டு அலைய யாருக்குப் பொறுமை?

தண்டர்போல்ட் இன்டெலும் ஆப்பிளும் சேர்ந்து 2011இல் கொண்டுவந்தது, அப்போது 10 ஜிகாபிட். 2015இல் மூன்றாவது பதிப்பு 40 ஜிகாபிட்டோடு டைப்-சி வாய்க்கு மாறியது. அங்கேதான் குழப்பம் முற்றியது, ஏனென்றால் பார்க்க யூஎஸ்பி டைப்-சியும் தண்டர்போல்ட்டும் ஒன்றுதான். போர்ட்டின் பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். 2019இல் வந்த யூஎஸ்பி 4 இந்தத் தண்டர்போல்ட் 3ஐ அடிப்படையாகக் கொண்டதுதான். டிஸ்க்கிலிருந்தே நேராக எடிட் செய்கிறவர், ஒரே கேபிளில் இரண்டு 4கே மானிட்டரும் டிஸ்க்கும் ஓட்டுகிறவர் என்றால் இந்தச் செலவு நியாயம். கோப்புகளைச் சேமித்து வைக்க மட்டும் என்றால் 10 ஜிகாபிட் போதும். தண்டர்போல்ட் கேபிளும் விலை அதிகம், நீளம் கூடக்கூட இன்னும் ஏறும். தண்டர்போல்ட் 3இல் சாதாரண கேபிள் அரை மீட்டர் வரைக்கும்தான் 40ஐத் தாங்கும். அதனால் டப்பாவில் சாண் நீளக் கேபிள் வந்தால் கஞ்சத்தனம் என்று திட்டாதீர்கள்.

இனி என் மேஜையில் வாராவாரம் பார்க்கிறவை. பழைய போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு தலை ஒட்டினாற்போல அகலமான வாய் இருக்கும். அதில் பெரிய பாதியில் பழைய போன் சார்ஜர் மைக்ரோ முனை அழகாக உட்காரும், டிஸ்க்கும் வேலை செய்யும். ஆனால் 2.0 வேகத்தில். இன்னொன்று, நீல வாயில் (யூஎஸ்பி 3 போர்ட்டில்) பென் டிரைவைத் தயங்கித் தயங்கிச் சொருகுவது. 2.0 முனைகள் முன்னால் முட்டி, கம்ப்யூட்டர் 'இது பழசு' என்று முடிவு செய்துவிடும். பிடுங்கி ஒரே அழுத்தாகச் சொருகிப் பாருங்கள். அப்புறம் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறது என்று வருவார்கள். யூஎஸ்பி 3 டிஸ்க்கும் கேபிளும் கிளப்பும் இரைச்சல் மவுஸின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் வந்து விழுகிறது. மவுஸ் ரிசீவரை வேறு பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும், புது மவுஸ் வேண்டாம்.

கேபிள் சரி, போர்ட் சரி, முதல் 50 ஜிபி பறந்துவிட்டு அப்புறம் வேகம் விழுகிறது என்றால் அது எஸ்எஸ்டியின் சுபாவம். விலை குறைந்த டிஸ்க்குகளில் வேகமான ஒரு சின்னப் பகுதியை முன்வாசல் திண்ணை மாதிரி வைத்திருப்பார்கள். அது நிறைந்ததும் உள்ளே கொண்டுபோய் வைக்கிற வேகம்தான் கிடைக்கும். அதற்குக் கேபிளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

புளியரைக்காரர் தன் நல்ல கேபிளின் முனையில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறார். போன மாதம் போன் செய்தார், மறுபடியும் நாப்பதில் நிற்கிறதாம். மாட்டியிருக்கிற கேபிளில் சிவப்பு டேப் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், போனை மூடாமலே, "ஏட்டி, அந்த ஒயரை எங்க வச்சு சார்ஜ் போட்டிருக்க?" என்று மகளைக் கூப்பிடுவது கேட்டது.