புயல்தாங்கு கதவு: ‘ஆதாரம்’ வேண்டாம், ‘புகா’வும் வேண்டாம்

காரைக்குடிப் பக்கம் புது வீட்டுக்கு யுபிவிசி ஜன்னல் விலை கேட்டால், கையில் தரும் விளம்பரத் தாளில் ‘புயல் ஆதார ஜன்னல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறி, புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதைப் பார்த்த ஊர்கள் இவை. வாங்குகிறவர் அக்கறையோடுதான் கேட்கிறார். அவருக்குக் கிடைக்கும் பதிலோ பொருளில்லாத ஒரு தொடர். ஆங்கில ‘ஹரிக்கேன் புரூஃப்’ தொடரில் உள்ள ‘புரூஃப்’ என்பதற்கு அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். இதே கணக்கில் தண்ணீர் நுழையாத ரப்பர் பட்டை ‘நீர் ஆதாரப் பட்டை’ ஆகிறது. செட்டிநாட்டில் நீர் ஆதாரம் என்றால் ஊருணி, கண்மாய்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹரிக்கேன் என்பது கரீபியத் தீவுகளின் தாயினோ மக்கள் சொல். ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், மேற்குப் பசிபிக்கில் டைஃபூன், வங்கக் கடலில் சைக்ளோன். மூன்றும் ஒரே வகைக் காற்றுத்தான். தமிழில் புயல் என்றாலே போதும். சூறாவளி என்ற சொல் சுழன்றடிக்கும் காற்று எல்லாவற்றுக்கும், டொர்னேடோவுக்கும்கூட, புழங்குவதால் குழப்பம்தான் மிஞ்சும். ஜன்னல் போர்ச்சுக்கீசிய ‘ஜனேலா’விலிருந்து வந்தது. அதற்கு முன்பே நம்மிடம் இருந்தவை சாளரம், பலகணி, காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்திலேயே இருக்கும் சொல்.

‘ஆதார’த்தைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் பலரும் ‘புயல் புகாக் கதவு’ என்று திருத்துகிறார்கள். நீர்புகா, தூசுபுகா எல்லாம் நல்ல தமிழ். அந்த வார்ப்பில் இதையும் ஊற்றிவிட்டார்கள். கேட்க அழகாக இருப்பதாலேயே இது ‘ஆதார’த்தைவிட ஆபத்தானது. நீர்புகாப் பையின் வேலை, நீரை உள்ளே விடாதிருப்பது. புயலுக்கு நிற்கும் ஜன்னலின் முதல் வேலை அதுவல்ல. பிய்ந்து போகாமல் இருப்பதுதான் அதன் முதல் வேலை.

1992-இல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவை அழித்தபின், மயாமி-டேட் பகுதியில் கொண்டுவந்த சோதனையைப் பாருங்கள். சுமார் 4 கிலோ எடையுள்ள ‘டூ-பை-ஃபோர்’ (இரண்டுக்கு நாலு அங்குலம் எனப்படும்) மரச்சட்டத்தை மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் கண்ணாடி மீது எறிகிறார்கள். கண்ணாடி விரிசல் விடலாம்; நொறுங்கவும் செய்யலாம். ஓட்டை விழக் கூடாது, நிலையை விட்டுக் கழன்று விழக் கூடாது. அடிபட்ட அதே ஜன்னலை அதன்பின் 9,000 தடவை காற்றழுத்தத்தால் உள்ளும் வெளியுமாக அழுத்துகிறார்கள். மழைநீர்க் கசிவுக்குத் தனிச் சோதனை உண்டு. அதையும் ஜன்னல் தாங்க வேண்டிய முழுக் காற்றழுத்தத்தில் செய்வதில்லை, அதன் ஒரு சிறு பங்கில்தான் செய்கிறார்கள். ஆகவே இந்தச் சோதனைகளில் தேறிய ஜன்னலிலும் கடும் புயலில் தண்ணீர் கசியலாம். ‘புகா’ என்று எழுதியதை நம்பி வாங்கியவர், தரை நனைந்ததும் ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைப்பார். ஜன்னல் அதன் வேலையைச் செய்திருக்கிறது. சொல்தான் பொய் சொன்னது.

ஓட்டை ஏன் விழக் கூடாது? காற்றடிக்கும் பக்கத்து ஜன்னல் ஒன்று உடைந்தால் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். வெளியே ஓடும் காற்று அதையே மேலிருந்து இழுக்கும். ஓட்டுக் கூரையும் தகரமும் பல வேளை பறப்பது இப்படித்தான். இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39 மீட்டர் என்று அடிப்படைக் காற்றுவேகம் குறிக்கிறது. 50 மீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 150 கிலோ அழுத்தும். நாலுக்கு ஐந்தடி ஜன்னல் என்றால் 280 கிலோ. சுமைதானே இது? சுமையைத் தாங்கத்தான் வேண்டும்.

அந்த வினை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வழிநடைக்காரர் தலைச்சுமையை இறக்கி வைக்கும் கல் சுமைதாங்கி. கோபுரத்தில் இருப்பது இடிதாங்கி. புயல்தாங்கு கதவு, புயல்தாங்கு ஜன்னல் என்பவை சுத்தமான வினைத்தொகை. கொத்தனாருக்கும் புரியும், புலவருக்கும் உறுத்தாது. ‘புயல் தடுப்பு ஜன்னல்’ என்பாரும் உண்டு. புயலை எந்த ஜன்னலும் தடுக்காது. ‘இம்பாக்ட்’ கண்ணாடியைத் ‘தாக்கக் கண்ணாடி’ என்பதும் ஆகாது. கண்ணாடியா தாக்குகிறது? மோதல்தாங்கு கண்ணாடி என்றால் தெளிவு. டஃபன் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடியையும் இதையும் ஒன்றாக்கி எழுதுகிறார்களே, அது இன்னும் மோசம். டஃபன் உடைந்தால் கற்கண்டுத் தூளாய் உதிர்ந்துவிடும், மிஞ்சுவது வெறும் சட்டம். மோதல்தாங்கு கண்ணாடியாகப் போடும் லேமினேட்டட் கண்ணாடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. உடைந்த துண்டுகளை விடாமல் பிடித்து வைப்பது அதுதான். அந்தப் படலத்துக்காகத்தான் கூடுதல் விலை கொடுக்கிறோம். அதன் தடிமனைக் கேட்டு வாங்க வேண்டும்.

பொருத்தும் குறிப்புகளை மொழிபெயர்ப்பவர்கள் தச்சரோடு ஒரு நாளாவது பேசியிருந்தால் ‘சட்டகத்தை நங்கூரமிடுக’ என்று எழுதமாட்டார்கள். நங்கூரம் கப்பலுக்கு. நிலையைச் சுவரோடு பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனை உயர்ந்த கண்ணாடியானாலும், ஓரத்தில் நுரையைப் பீய்ச்சி சிலிக்கோன் பசை மட்டும் பூசிவிட்டால் நிலையோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு போகும். தயாரித்தவர் குறித்த இடைவெளியில் திருகு சுவருக்குள் இறங்க வேண்டும். பூச்சோடு நின்றால் பிடிப்பே இல்லை. ‘ஷட்டரை மூடவும்’ என்றால் நம் ஊரில் கடையைச் சாத்துவது என்று பொருள். பழைய செட்டிநாட்டு வீடுகளில் கம்பிக்கு அப்பால் தேக்குப் பலகையில் இருப்பது ஜன்னல் கதவு. அந்தப் பெயரையே எழுதலாமே.

எல்லாவற்றையும்விடக் கொடுமை ‘செயலற்ற இலை’; ஆங்கில ‘இன்ஆக்டிவ் லீஃப்’பின் நேர்பெயர்ப்பு. இரட்டைக் கதவில் வழக்கமாகத் தாழ் போட்டே வைத்திருக்கும் பக்கத்துக்கு இந்தப் பெயர். கதவுக்கு ஏது இலை? தாழிட்ட கதவு, திறக்கும் கதவு என்றால் ஆயிற்று. புயலில் பல வேளை முதலில் விட்டுக்கொடுப்பது இந்தத் தாழிட்ட பக்கம்தான் என்பதால் குறிப்பு தெளிவாக இருந்தே ஆக வேண்டும். அதன் மேல்தாழ் உத்தரத்துக்குள்ளும் கீழ்த்தாழ் தரைக்குள்ளும் ஆழமாக இறங்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கல்லின் கனத்துக்கு மட்டும் துளை போட்டுவிட்டு நிறுத்துகிறார்கள். கதவு உதறும்போது கல் பெயர்ந்து தாழ் வெளியே வந்துவிடும். கல்லுக்குக் கீழே கான்கிரீட் வரை துளைத்து, இரும்புக் குழல் ஒன்றைப் பதித்து, அதற்குள் தாழ் இறங்கும்படி செய்ய வேண்டும்.