வளையும், ஆனால் நீளாது: காகிதக் கவசத்தின் கணிதம்

வீடியோ கேமில் டிராகனோடு மோதும் வீரனின் கவசத்தை நிஜத்திலும் செய்து போட்டுக்கொள்ள இன்று பல வழிகள் உண்டு. முப்பரிமாண அச்சு இருக்கிறது, ஈவிஏ ஃபோம் என்ற, ரப்பர்போல் மெத்தென்ற தகடு இருக்கிறது. இருந்தாலும் மிக மலிவானது, என் கண்ணுக்கு மிக அழகானதும்கூட, காகித வழிதான். பிரிண்டர், தடித்த ஏ4 தாள், கத்தி, பசை, இவ்வளவே முதலீடு. சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஒரு மாலை சுற்றினால் தாளும் கத்தியும் பசையும் கைக்கு வந்துவிடும். இந்தக் கலையை உலகம் பெப்பகூரா என்கிறது. ஜப்பானின் தாமா சாஃப்ட்வேர் வெளியிட்ட பெப்பகூரா டிசைனர் என்ற மென்பொருள் வழியாகத்தான் பலருக்கும் இது அறிமுகம்.

தட்டையான தாளில் உருண்டையான தலைக்கவசம் எப்படி வரும்? தாள் வளையும், மடியும், ஆனால் நீளாது. இழுத்தால் ஓரிரு விழுக்காடு கொடுக்கும், அப்புறம் கிழிந்துவிடும். ஒரு பரப்பை நீட்டாமல், சுருக்காமல் எப்படி வளைத்தாலும் அதன் ஒவ்வொரு புள்ளியிலும் வளைவு சார்ந்த, மாறாத ஓர் அளவு உண்டு என்று 1827-இல் ஜெர்மானியக் கணித மேதை காவுஸ் நிறுவினார். தாளுக்கு அது பூஜ்யம். குழாயாகச் சுருட்டினாலும் பூஜ்யம், கூம்பாக்கினாலும் உச்சி தவிர மற்ற இடமெல்லாம் பூஜ்யம். பந்துக்கோ எந்த இடத்திலும் பூஜ்யம் ஆகாது. அதனால்தான் முன்கைக் காப்பை ஒரே தாளில் சுருட்டிவிடலாம், மண்டையை மூடும் கூரையை எவ்வளவு கெட்டிக்காரராலும் சுருட்ட முடியாது.

தேக்கா சென்டர் மாடியில் ரவிக்கை தைப்பவர்கள் இந்தச் சிக்கலைத் தினமும் தீர்க்கிறார்கள். தட்டையான துணியில் ஆப்பு வடிவில் ஒரு பகுதியை மடித்து டாட் பிடித்தால் துணி குவிந்து எழுகிறது. காகிதக் கவசத்தில் நடப்பதும் இதே வேலைதான். ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு சமபக்க முக்கோணங்களை ஒட்டிப் பாருங்கள். ஆறு அறுபது 360 பாகை, தட்டையாகக் கிடக்கும். ஒன்றை எடுத்துவிட்டு ஐந்தை மட்டும் ஒட்டினால் 60 பாகை குறைகிறது, நடுப்புள்ளி மேடாக எழும்புகிறது. ஏழை ஒட்டினால் 60 பாகை கூடிப்போய், குதிரைச் சேணம்போல் ஒரு பக்கம் மேலும் மறுபக்கம் கீழுமாக நெளிகிறது. தலைக்கவசத்தில் கொம்பு முளைக்கும் அடிப்பகுதி இந்தச் சேண வகை. அங்கே துண்டுகளைத் தட்டையாக விரித்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், வெட்டித்தான் ஆக வேண்டும்.

இதில் என்னை எப்போதும் மலைக்க வைப்பது 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் கண்ட கணக்கு. துளை இல்லாமல் மூடிய எந்தத் தட்டைமுகப் பொருளிலும் ஒவ்வொரு முனையிலும் 360 பாகைக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து எல்லாவற்றையும் கூட்டினால் சரியாக 720 பாகைதான் வரும். கனசதுரத்தில் ஒரு முனையில் மூன்று செங்கோணங்கள், அதாவது 270 பாகை. குறைவு 90, எட்டு முனைகளுக்கு 720. தலைக்கவசத்தின் கூரை ஏறத்தாழ அரைக்கோளம், அதன் பங்கு 360. அதை ஆறு முனைகளுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 60, கரடுமுரடான வைரம் போன்ற கவசம். அறுபது முனைகளுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 6, கண்ணுக்கு உருண்டையாகவே படும். ஆனால் வெட்ட வேண்டிய கோடுகளும் பல மடங்காகிவிடும். கவசம் வடிவமைப்பவரின் திறமையெல்லாம் இந்தப் பகிர்வில்தான் இருக்கிறது. நெற்றி விளிம்பு போன்ற கூர்மையான இடங்களில் முனைகளைக் குறைத்தும், கன்னத்தில் கூட்டியும் வைப்பார்கள்.

கேமில் இருக்கும் உருவமும் முக்கோணங்களால் ஆனதுதான். ஆனால் நாம் திரையில் பார்க்கும் கீறல், ஆணி, செதுக்கல் பலவும் உண்மையான வடிவம் அல்ல. வெளிச்சம் எந்தத் திசையில் பட்டுத் தெறிக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு படத்தை முக்கோணங்களின் மேல் போர்த்தியிருப்பார்கள். அச்செடுத்த தாளில் அது வராது. எனவே பிளெண்டர் போன்ற மென்பொருளில் தேவையில்லாத முக்கோணங்களைக் குறைத்து, தேவையான மேடுபள்ளங்களை நிஜமாகவே சேர்த்து, தலைச் சுற்றளவுக்கு ஏற்ப அளவை மாற்றி, அப்புறம்தான் விரிக்க வேண்டும். இப்படி விரித்த வரைபடங்களை 1525-இலேயே ஓவியர் டியூரர் தன் நூலில் அச்சிட்டிருக்கிறார். குழிவே இல்லாத எந்தத் தட்டைமுகப் பொருளையும் விளிம்புகளில் மட்டும் வெட்டி, மேலே ஏறாத ஒரே துண்டாக விரிக்க முடியுமா என்பது 1975-இல் கணிதவியலாளர் ஷெப்பர்டு எழுப்பிய கேள்வி. இன்றுவரை விடை இல்லை. பெப்பகூரா மென்பொருள் அந்தக் கவலையே படாமல் கவசத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, எது எதோடு சேரும் என்று ஒவ்வொரு விளிம்புக்கும் எண் போட்டுக் கொடுத்துவிடும்.

ஒட்டும்போது நடப்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோடுகளை அழுத்திக் கீறி, கோட்டின் வகையைப் பார்த்து முன்னாலோ பின்னாலோ மடித்து, ஓரக் காதுகளில் பசை தடவிச் சேர்க்கிறோம். பாதி முடிந்த துண்டு கையில் தொளதொளவென்று ஆடும். "மாமா, இது எப்படித் தலையில நிக்கும்?" என்று உயர்நிலை நான்கில் படிக்கும் என் அக்கா மகள் கேட்டாள். கூரையின் கடைசிக் காதை அவளையே ஒட்டச் சொன்னேன். ஒட்டிய நொடியில் தாள் விறைத்தது. அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நீளாத தாளால் இனி உருமாறவும் வழியில்லை. கவசம் உருண்டையாவதைத் தடுத்த அதே குணம்தான் இப்போது அதைத் தாங்குகிறது. மூடிய குவிந்த பொருளின் முகங்கள் விறைப்பாக இருந்தால் அது அசையவே முடியாது என்று 1813-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி நிறுவியிருக்கிறார். கழுத்துப் பக்கம் திறந்திருப்பதால் தலைக்கவசத்துக்கு அந்த உத்தரவாதம் முழுதாகக் கிடைப்பதில்லை. அதற்காகத்தான் அடியில் தற்காலிகமாகக் குறுக்குப் பட்டைகள் ஒட்டுகிறோம்.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு பெரிய எதிரி, காற்றின் ஈரப்பதம். சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல், விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். தாளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களின் பொது அளவோ 50 விழுக்காடு. தாளின் செல்லுலோஸ் இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. நீர் மூலக்கூறு நடுவில் புகுந்தால் பிடி தளர்கிறது, தாள் தொய்கிறது. இழைகள் நீளத்தைவிட அகலத்தில் அதிகம் உப்புவதால் தாள் ஒரே திசையில் சுருளும். ஆகவே கட்டைப் பிரித்த தாளை மூடிய பெட்டியில் வையுங்கள். ஏர்கான் அறையில் ஒட்டியதை இரவில் தாழ்வாரத்தில் விட்டுவிடாதீர்கள். நீர் கலந்த வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். சூப்பர் குளூவுக்கு மட்டும் இந்த ஊர் சொர்க்கம். அது இறுகுவதே காற்றிலுள்ள ஈரத்தால்தான்.

தாள் கவசத்தை அப்படியே போட்டால் ஒரு மழையில் போய்விடும். வழக்கமாக வெளியே பாலியெஸ்டர் ரெசின் என்ற, இறுகிக் கெட்டியாகும் பிசினைப் பூசி, உள்ளே கண்ணாடி இழைத் துணியை ரெசினில் நனைத்து ஒட்டுவார்கள். ஒரே பொருளின் தடிப்பு இரண்டு மடங்கானால் வளைவை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகும். அதனால் இரண்டு மில்லிமீட்டர் அடுக்குகூடப் பெரிய மாற்றம் தருகிறது. ஆனால் அந்த ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவி உடம்புக்குக் கெடுதல், நெடியும் நாலு வீடு தாண்டிப் போகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலோ பொதுத் தாழ்வாரத்திலோ அதைத் திறக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எப்பாக்சி வகை ரெசினுக்கு நெடி குறைவு, ஆனால் தோலில் ஒவ்வாமை வரலாம், கையுறை கட்டாயம். சிறுவர்கள் இருக்கும் வீட்டில் ரெசினே வேண்டாம். அதே காகித வரைபடத்தை ஈவிஏ ஃபோமின் மேல் வைத்து வரைந்து வெட்டிக்கொள்ளலாம். ஃபோம் கொஞ்சம் நீளும் என்பதால் முக்கோணங்கள் குறைவாக இருந்தாலும் வெப்பக் காற்றில் உருண்டு கொடுக்கும்.

வாளுக்கு வேறு கணக்கு. நீண்ட தாள் குழாயில் நீளவாட்டு ஒட்டு ஒன்று திறந்திருந்தால் கையால் முறுக்கிவிடலாம். மூடினால் முறுக்கே கொடுக்காது. குறுக்குவெட்டை வைர வடிவில் வைத்து, நடுவே பிவிசி குழாயை விட்டால் ஒரு மீட்டர் வாள்கூடத் தொங்காமல் நிற்கும். முனையை மழுங்கலாகவே விடுங்கள், கூட்டத்தில் நடக்கப்போகும் பொருள்.

கடைசியில் வண்ணம். முதலில் கறுப்பு, காய்ந்ததும் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெள்ளி நிறம் எடுத்து விளிம்புகளில் மட்டும் தேய்த்தால் தேய்ந்த இரும்பு கண்முன் வரும். மேலே அடிக்கும் லாக்கர் ஸ்பிரேயை மழை நேரத்தில் தொடாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து வெள்ளைப் படலமாகிவிடும். ஈரப்பதம் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும் வெயில் மதியம்தான் அதற்கு ஏற்ற நேரம்.