மீள்குடியேற்றமா, மறுகுடியமர்வா?

ஆங்கிலத்தில் ‘ரீசெட்டில்மென்ட்’ (resettlement) என்ற சொல் கண்ணில் பட்டதும் ‘மீள்குடியேற்றம்’ என்று எழுதிவிடுகிறோம். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். முகாமை விட்டுச் சொந்த ஊருக்குத் திரும்புவதுதான் அவர் நினைவுக்கு வரும். இலங்கையில் அந்தப் பெயரில் அமைச்சே இருந்தது. ‘மீள்’ என்பதற்கு ‘மறுபடி’ என்ற பொருளும் உண்டுதான். ஆனால் ஊர், வீடு என்று பேச்சு வந்தால் திரும்புதல்தான் முன்னால் வந்து நிற்கிறது.

ஐ.நா. அகதிகள் ஆணையம் சொல்லும் பொருளோ வேறு. முதலில் அடைக்கலம் தந்த நாட்டிலிருந்து, ஏற்க முன்வந்த மூன்றாவது நாட்டுக்குப் போய் நிலையாகக் குடியிருப்பது.

1975 ஏப்ரல் 30இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்த பிறகு படகேறிய வியட்நாமியரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மொழியில் ‘துயென் ஞான்’, அதாவது படகு மனிதர். மலேசியாவின் புலாவ் பிடோங் தீவு ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர்தான். 1979இல் அதில் சுமார் 40,000 பேர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். இந்தோசீன (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) அகதிகளில் சுமார் 60,000 பேரை 1979, 1980 ஆகிய இரண்டே ஆண்டுகளில் கனடா ஏற்றது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு அல்ல, தேவாலயங்களும் அக்கம்பக்கத்தாரும்தான் பொறுப்பேற்றார்கள். இவர்கள் யாரும் எங்கேயும் ‘மீள’வில்லை.

அதனால் என் ஓட்டு ‘மறுகுடியமர்வு’க்கு. ‘மறு’ என்றால் மறுபடி. கூடவே மறுகரை, மறுபக்கம் என்பதில் உள்ள ‘அந்தப் பக்கம்’. கடல் கடந்தவர்களுக்கு இரண்டும் பொருந்துகிறது.

இன்னொரு வசதி, அமர்வதையும் அமர்த்துவதையும் தமிழ் தனித்தனியாகச் சொல்லும். விமானச் சீட்டு, வாடகை வீடு, மொழி வகுப்பு இவையெல்லாம் குடியமர்த்தல். அப்புறம் நடப்பது குடியமர்தல். 1975இல் கலிபோர்னியாவில், சாக்ரமென்டோ அருகே இருந்த வியட்நாமிய அகதிகள் முகாமுக்கு ஹாலிவுட் நடிகை டிப்பி ஹெட்ரன் போய்வந்துகொண்டிருந்தார். அவருடைய நகப்பூச்சைப் பெண்கள் வியந்து பார்க்க, தன் நக ஒப்பனைக்காரரையே அழைத்து வந்து சுமார் 20 பேருக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கற்றவர்கள் உறவுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று அமெரிக்க நக அழகு நிலையங்களில் பெரும்பங்கு வியட்நாமியர் கையில்.

ஆக, அரசு ஆவணத்தை மொழிபெயர்க்கிறீர்களா, ‘மறுகுடியமர்த்தல்’ என்று எழுதுங்கள். அந்தப் பெண்களைப் பற்றி எழுதும்போது ‘மறுகுடியமர்வு’ போதும்.