சுழலும் கம்பின் நுனி எங்கே போனது? ரீமாஸ்டர் செய்த சண்டைப் படத்தைப் பார்க்கவும் கேட்கவும் ஒரு வழி

2004-இல் வந்த 'கில்லி', 2024 ஏப்ரலில் திரும்பவும் தியேட்டருக்கு வந்து கூட்டம் சேர்த்தது. அதன் பிறகு பழைய சண்டைப் படங்கள் 4கே (அகலவாக்கில் சுமார் 4,000 புள்ளிகள் கொண்ட படம்) முத்திரையோடு வரிசையாக வருகின்றன. நாகர்கோவிலில் படம் விட்டு வெளியே வருகிறவர்களிடம் கேட்டால், "நேத்து எடுத்த படம் மாதிரி பளபளன்னு இருக்கு மக்கா" என்பார்கள், அல்லது "சவுண்டு அதிருது" என்பார்கள். பாராட்டாகச் சொல்வதுதான். ஆனால் அந்தப் பளபளப்பும் அதிர்வும் பல நேரம் வேலை கெட்டுப்போனதற்கான அறிகுறிகள். பழைய ஃபிலிமை ஸ்கேன் செய்து, துடைத்துப் புதுப்பிப்பதுதான் ரீமாஸ்டர். அதை எடைபோட ஒரே கேள்வி போதும்: நெகட்டிவில், அதாவது கேமராவில் ஓடிய மூல ஃபிலிமில் பதிவானது இன்னும் திரையில் இருக்கிறதா, துடைத்துவிட்டார்களா?

ஃபிலிமில் படம் எப்படிப் பதிகிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி உப்புத் துகள்கள் சிதறிக் கிடக்கும். ஒளி பட்ட துகள்களை லேபில் கழுவும்போது அவற்றைச் சுற்றிச் சாயம் உருவாகும். பிறகு வெள்ளியை நீக்கிவிடுவார்கள். கடைசியில் மிஞ்சுவது கோடிக்கணக்கான நுண்ணிய சாயப் புள்ளிகள். திரையில் மெல்லிய மணல் நகர்வது போலத் தெரியும் கிரெயின் அதுதான். அது அழுக்கு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். உண்மையில் முகமும் சட்டை நெசவும் அந்தப் புள்ளிகளால்தான் ஆகியிருக்கின்றன. புள்ளிகளை முழுக்க அழித்தால் அவை சுமந்திருந்த விவரமும் சேர்ந்தே போய்விடும்.

அழுக்கு வேறு. திங்கள்சந்தைப் பக்கம் ஒரு பழைய ஆபரேட்டர் அண்ணாச்சி வீட்டில், அவர் எடுத்து வைத்திருந்த ஒரு முழம் பிரிண்டை, அதாவது தியேட்டரில் ஓட்டும் நகல் ஃபிலிமை, கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். தகர டப்பாவைத் திறந்ததுமே புளித்த காடி நெடி. ஃபிலிமின் அசெட்டேட் அடித்தளம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது அசெட்டிக் அமிலம் வெளிவருகிறது. அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்துகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கடல் காற்றும் வாங்கும் நம் மாவட்டத்தில் ஃபிலிமுக்கு ஆயுள் குறைவு. ஜெலட்டினைத் தின்னும் பூஞ்சைக்கும் இங்கே பஞ்சமில்லை. "வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க தம்பி, எல்லாம் செவந்து கெடக்கு" என்றார். நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிப்போனதால் மிச்சம் சிவப்பு. நீளவாக்கில் கீறல்கள்: புரொஜெக்டரில் ஓடி ஓடி விழுந்தவை, "படத்துல மழை பெய்யுது" என்று கொட்டகையில் கத்துவோமே, அதே கோடுகள். ஓரத்தில் நெளிநெளியாக ஒரு வெள்ளைக் கோடு. "சத்தம் இந்த ஓரத்துலதான் கெடக்கு" என்று விரலால் தடவிக் காட்டினார்.

இப்படிப்பட்ட பிரிண்டிலிருந்து ரீமாஸ்டர் செய்தால் ஓர் அளவுக்கு மேல் தேறாது. கேமராவில் ஓடிய நெகட்டிவ் கிடைத்தால்தான் 4கே ஸ்கேனுக்குப் பொருள் உண்டு. ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் விவரம் குறைகிறது, கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு) கூடுகிறது. நம் நாட்டில் பல படங்களுக்கு நெகட்டிவிலிருந்தே நேராகப் பிரிண்ட் பிரிண்டாகப் போட்டு, அந்த நெகட்டிவே தேய்ந்துபோனது பெரிய இழப்பு. இன்னொன்று: எழுத்து ஓடும் இடமும், ஒரு காட்சி கரைந்து அடுத்தது வரும் இடமும் அந்தக் காலத்தில் லேபில் மறுநகல் எடுத்துச் செய்தவை. அங்கே படம் சற்று மங்கினால் ரீமாஸ்டர் செய்தவர்களைக் குறை சொல்லக் கூடாது.

ஸ்கேன் முடிந்ததும் துப்புரவு. வண்ண ஃபிலிமின் சாயம் அகச்சிவப்புக் கதிரை ஊடுருவ விட்டுவிடும், தூசியும் கீறலும் மறிக்கும். எனவே அகச்சிவப்பில் தனியாக ஒரு பதிவு எடுத்தால் அழுக்கு எங்கே இருக்கிறது என்று வரைபடம் போலக் கிடைத்துவிடும். அருமையான உத்தி. சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். மிச்ச அழுக்கையும் கிரெயினையும் நீக்கும் மென்பொருள் அடுத்தடுத்த ஃபிரேம்களை (ஃபிலிமில் உள்ள தனித்தனிப் படங்களை) ஒப்பிடுகிறது: மாறாமல் இருப்பது படம், ஒரே ஒரு ஃபிரேமில் தோன்றி மறைவது அழுக்கு. இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் இந்தக் கணக்கு சரியாக வரும். சண்டைக் காட்சியில் எல்லாமே ஒரு ஃபிரேமில் தோன்றி மறைவதுதான்.

கம்புச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சிலம்பமும் அடிமுறையும் பழகியவர்கள் நிறைந்த மாவட்டம் இது. அவர்கள் கண்ணுக்கு இது உடனே படும். கம்பு நொடிக்கு 4 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் என்பதால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கம்பு 60 பாகை நகர்ந்திருக்கும். கேமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் திறந்திருப்பது வழக்கமாக நொடியில் 48-இல் ஒரு பங்கு. அதற்குள் 30 பாகை ஓடிவிடுவதால் கம்பு ஒரு விசிறி மடிப்பாகத் தேய்ந்து பதிவாகும். அந்த மங்கலான விசிறிதான் வேகம். நுனி ஓர் இடத்தில் ஒரு ஃபிரேம் மட்டுமே தெரிவதால் மென்பொருள் அதைத் தூசி என்று எண்ணி மென்றுவிடும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் நுனியில்லாத கம்பு கிடைக்கும். வாள் உரசும் பொறி, உடைந்த கண்ணாடித் துண்டு, புழுதி, மழைத்துளி எல்லாவற்றுக்கும் இதே கதி. குத்து விடும் கைக்குப் பின்னால் இன்னொரு நிழல் கை இழுபட்டால், அளவுக்கு மேல் துடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நல்ல ரீமாஸ்டர் கூடத்தில் ஒருவர் உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து, பொறி எது, அழுக்கு எது என்று பிரித்துக் கொடுப்பார். அந்த உழைப்புக்குத்தான் நாம் கைதட்ட வேண்டும்.

முகத்தை நெருக்கத்தில் காட்டும் இடத்தில் வியர்வைத் துளியும் மீசையில் தனித்தனி மயிரும் தெரிய வேண்டும். கன்னம் மெழுகாக வழுவழுத்தால் கிரெயினைச் சுரண்டிவிட்டார்கள். ஆளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு சுற்றினால் செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள். ஏஐ கொண்டு பெருக்கிய படத்தில் பின்னணிக் கடைப் பலகைகளைப் படித்துப் பாருங்கள்; தமிழ் எழுத்துகள் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகளாகத் திரிந்திருக்கும். அதே நேரம் சண்டையில் ஆளைத் தூக்கும் கயிறும் டூப் கலைஞரின் முகமும் இப்போது தெரிகின்றன என்றால் வருத்தப்பட வேண்டாம். அவை முன்பிருந்தே நெகட்டிவில் இருந்தவை. உயிரைப் பணயம் வைத்துக் குதித்தவரின் முகம் தெரிவது எனக்கு மகிழ்ச்சியே.

நிறத்துக்கு, தெரிந்த பொருளைத் தேடுங்கள். முட்டத்துச் செம்மண்ணும் பாறையும் நம் கண்ணுக்குப் பழக்கம். அவை ஆரஞ்சாகவும் நிழலெல்லாம் நீலப்பச்சையாகவும் மாறியிருந்தால் இன்றைய மோஸ்தரைப் பழைய படத்தின் மேல் பூசியிருக்கிறார்கள். வெள்ளை வேட்டி மடிப்புகள் தெரியும்படி வெள்ளையாக இருக்கட்டும். குமரிக் கடலின் அந்திவானம் போன்ற காட்சியில் நிறம் படிப்படியாக மாறாமல் பட்டை பட்டையாகப் பிரிந்தால், நிறத்துக்கு 256 படிகள் மட்டுமே தரும் 8 பிட் பதிவு போதவில்லை என்று பொருள். 10 பிட்டில் 1024 படிகள் உண்டு.

வீட்டில் பார்க்கும்போது பழி பல நேரம் டிவியைச் சேரும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். அது இல்லாத இடைஃபிரேம்களைக் கற்பனை செய்து கம்பை வளைத்துவிடும். ஓடிடியில் 4கே படம் பொதுவாக நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட்தான். தியேட்டர் கோப்புக்கு 250 வரை இடம் உண்டு. புழுதியும் புகையும் கிளம்பும்போது படம் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான். தூரமும் முக்கியம். 43 அங்குல டிவியில் 4கே புள்ளி ஒன்று சுமார் கால் மில்லிமீட்டர். சாதாரணக் கண்ணுக்கு அது பிரிந்து தெரிய 85 செ.மீ. அருகில் போக வேண்டும். மூன்று மீட்டர் தள்ளி நாற்காலி போட்டுக்கொண்டு 4கே பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இனி ஒலி. அண்ணாச்சி காட்டிய அந்த நெளிகோட்டின் வழியே ஒரு விளக்கொளி பாய்கிறது. கோட்டின் அகலத்துக்கேற்ப ஒளி கூடிக் குறைவதை மின்சாரமாக மாற்றினால் ஒலி. கோட்டில் விழுந்த கீறலும் தூசியும் 'பட் பட்' என்று கேட்கும், பின்னால் ஒரு இரைச்சலும் ஓடும். இரைச்சலை ஒரேயடியாக வெட்டினால் வசனத்தில் 'ச', 'ஸ' ஒலிகள் மழுங்கும், தாளத் தட்டின் கடைசி ஓசை பாதியில் அறுந்துவிடும். சண்டை தொடங்கும் முன் வில்லன் பேசும் வரிகளில் இந்த எழுத்துகளைக் கவனியுங்கள்.

தியேட்டரில் ஒரு சானலின் அடிப்படை அளவு 85 டெசிபல். உச்சம் 105 வரை போகலாம். இடையில் உள்ள அந்த 20 டெசிபலில்தான் அடியின் வலி இருக்கிறது. எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டால் நடை, மூச்சு, கன்னத்தில் விழும் அறை எல்லாம் ஒரே சத்தம். சவுண்டு அதிரும், அடி மட்டும் விழாது.

உதடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒலியை எடைபோடாதீர்கள். நம் படங்களில் வசனம் பெரும்பாலும் டப்பிங், மூலத்திலேயே இடைவெளி இருக்கும். குத்து விழும் ஃபிரேமைப் பாருங்கள். ஒரு ஃபிரேம் சுமார் 42 மில்லி நொடி. அதற்குள் ஒலி 14 மீட்டர் பயணிக்கிறது. பெரிய தியேட்டரின் கடைசி வரிசையில் ஒன்றிரண்டு ஃபிரேம் பிந்துவது இயற்பியல். சத்தம் குத்தை முந்தினால் அது தவறு.

மோனோவில் (ஒற்றைத் தட ஒலியில்) வந்த படத்தை 5.1 (முன்னும் பின்னும் ஸ்பீக்கர்களில் பிரிந்து வரும் ஆறு தட ஒலி) ஆக்கும்போது வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றும் தனித்தனி டேப்பில் கிடைத்தால் நல்லது. ஒன்றாகக் கலந்த தடம் மட்டும் இருந்தால் அதைப் பிரிப்பது, கொதித்த சாம்பாரிலிருந்து பருப்பை எடுப்பது மாதிரி. பின் ஸ்பீக்கரில் வசனம் எதிரொலிப்பது அதன் அடையாளம். சிலர் பழைய 'டிஷ்யூம்' சத்தத்தைத் தூக்கிவிட்டுப் புதிய வெடிச்சத்தம் ஒட்டுகிறார்கள்; இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சத்தத்தை உருவாக்கியவரும் ஒரு கலைஞர். 5.1 இருக்கட்டும், பக்கத்தில் மூல மோனோ தடத்தையும் தேர்ந்தெடுக்கும்படி கொடுக்க வேண்டும். இடம் இல்லை என்று சொல்ல முடியாது: 150 நிமிடப் படத்தின் மோனோ ஒலியைச் சுருக்காமல் 24 பிட்டில் வைத்தாலும் சுமார் 1.3 ஜிபிதான்.