வொர்க்ஸ் டீம்: ‘ஆலை அணி’ என்றே சொல்லலாம்

பெரம்பூர்ப் பக்கம் மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு ‘ஒர்க்ஸ்’ பழகிய சொல். கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ் என்று அங்கே அடுத்தடுத்து இரண்டு நிலையங்களே உண்டு. கார் பந்தயச் செய்திகளில் ‘வொர்க்ஸ் டீம்’ என்று வருவதும் அதே ஒர்க்ஸ்தான். அதற்கு இங்கே வேலை என்று பொருள் இல்லை, தொழிற்சாலை என்று பொருள். இது தெரியாமல் ‘வேலை அணி’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

ஆங்கிலத்தில் இரும்பு உருக்கும் இடம் அயர்ன்வொர்க்ஸ், எரிவாயு தயாரிக்கும் இடம் கேஸ்வொர்க்ஸ். அந்த வழியில், கார் செய்யும் கம்பெனியே தன் பணத்தைப் போட்டு, தன் ஆட்களை வைத்து, தன் பெயரில் பந்தயத்துக்கு அனுப்பும் அணிக்கு வொர்க்ஸ் டீம் என்று பெயர் வந்தது. ஜெர்மானியர் ‘வெர்க்ஸ்டீம்’ என்கிறார்கள். வெர்க், வொர்க் இரண்டுக்கும் வேர் ஒன்றே. பிரெஞ்சுக்காரர்கள் அணியை ‘எக்யூரி’ என்பார்கள், அதாவது குதிரை லாயம். அதோடு தொழிற்சாலை என்ற சொல்லைச் சேர்த்தால் அவர்களுக்கு வேலை முடிந்தது.

இதற்கு எதிர்ச்சொல் ‘பிரைவேட்டியர்’. அது கடலிலிருந்து வந்த சொல். போர்க்காலத்தில் எதிரிநாட்டுக் கப்பல்களைப் பிடிக்க அரசனிடம் அனுமதிச் சீட்டு வாங்கிய தனியார் கப்பலுக்கு அந்தப் பெயர். பந்தயத்தில், கார் கம்பெனியின் துணையில்லாமல், பெரும்பாலும் பிறரிடம் கார் வாங்கி ஓட்டும் அணியைக் குறிக்கிறது. 1968இல் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் ராப் வாக்கரின் அணிக்காக ஜோ சிஃபர்ட் லோட்டஸ் கார் ஓட்டி வென்றார். ஃபார்முலா ஒன்றில் பிரைவேட்டியர் அணிகள் கண்ட கடைசி வெற்றிகளில் ஒன்று அது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? பந்தயத்துக்கென்றே பிறந்த அணிக்கு அதுதான் பிழைப்பு. ஆலை அணிக்கோ, பந்தயம் கம்பெனியின் கணக்கில் ஒரு செலவு. கார் விற்காத வருஷத்தில் அந்தச் செலவு முதலில் கண்ணில் படும். 2000களில் ஃபார்முலா ஒன்றின் செலவு எங்கேயோ போய்விட்டது. டொயோட்டாவிடம் ஜெர்மனியின் கொலோன் நகரில், கார்மேல் காற்றை வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் மட்டுமே இரண்டு இருந்தன. அப்புறம் 2008 நிதி நெருக்கடி வந்தது. அந்த டிசம்பர் 5 அன்று ஹோண்டா விலகுவதாக அறிவித்தது. அதே மாதம் சுசுகியும் சுபாருவும் உலக ரேலிப் போட்டியை விட்டுப் போயின. ஃபார்முலா ஒன்றிலிருந்து விலகுவதாக 2009 ஜூலையில் பிஎம்டபிள்யூ, நவம்பர் 4 அன்று டொயோட்டா அறிவித்தன. எட்டு சீசன் ஓடியும் ஒரு பந்தயம்கூட வெல்லாமல் போனது டொயோட்டா. டோக்கியோவில் அதை அறிவித்த கூட்டத்தில் அணித் தலைவர் யமஷினா அழுதுவிட்டார். ஆலை அணி என்றால் வெறும் கணக்குப் புத்தகம் என்று நான் ஒருநாளும் எழுத மாட்டேன். முடிவு வேறெங்கோ எடுக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தயாரிப்பாளர் அணி’ என்றால் சினிமா நினைவு வரும். அதைவிட, காரை வடிவமைத்துக் கட்டும் அணிகளைக் குறிக்கும் ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்ற வேறொரு சொல்லோடு குழம்பும். வில்லியம்ஸ் அணி தன் காரைத் தானே கட்டுகிறது, ஆனால் அது ஆலை அணி இல்லை. ‘தொழிற்சாலை அணி’ சரிதான், கொஞ்சம் நீளம். ‘பணிமனை’ என்றால் நமக்குப் பஸ் டிப்போ.

அதனால் ‘ஆலை அணி’ என்பதையே நான் சொல்வேன். அயர்ன்வொர்க்ஸுக்கு இரும்பாலை என்று நாம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். பிரைவேட்டியருக்குத் ‘தனியார் அணி’ ஒத்துவராது. தனியார் பஸ் என்றால் அரசு பஸ் இல்லை என்பதுதான் நமக்குப் பொருள், ஹோண்டாவும் தனியார் கம்பெனிதானே. ‘தனி அணி’ போதும்.

ஆலை என்றாலே ஒரு காலத்தில் கரும்பாலைதான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்ற பழமொழியில் இருப்பது அந்த ஆலை. ஹோண்டா போன பிறகு, அதன் அணித் தலைவராக இருந்த ராஸ் பிரான் அந்த அணியை ஒரு பவுண்டு என்ற பெயரளவு விலைக்கு வாங்கினார்; 2009இல் அந்த அணி ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டையும் வென்றது. பலர் இதை ஏழை அணியின் அதிசயம் என்று சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தக் கார் இலுப்பைப் பூ இல்லை. ஹோண்டாவின் பணத்தில் மாதக்கணக்காக உருவான கார் அது. கரும்பை ஆட்டிப் பாகு காய்ச்சிவிட்டு, சர்க்கரை ஆவதற்குள் ஆலைக்காரர் கிளம்பிவிட்டார். அந்த வருஷக் கடைசியிலேயே மெர்சிடிஸ் அதை வாங்கி, அடுத்த வருஷம் மறுபடி ஆலை அணி ஆக்கிக்கொண்டது.

உண்மையான இலுப்பைப் பூவுக்கு நம் ஊர்க்காரரே சாட்சி. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2011, 2012இல் ஓட்டிய ஹெச்ஆர்டி அணி, செலவுக்கு உச்சவரம்பு வரும் என்ற பேச்சை நம்பி 2010இல் உள்ளே வந்த புதிய அணிகளில் ஒன்று. வரம்பு வரவில்லை. 2012 முடிவில் அணி மூடப்பட்டது. 14.5 கோடி டாலர் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2021இல்தான். அந்தப் பதினோரு வருஷத் தாமதம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது இந்தச் சொல்லுக்கே ஒரு சிக்கல். ரெனோ தன் ஃபார்முலா ஒன் எஞ்சின் வேலையை 2025 சீசனோடு நிறுத்துவதாக அறிவித்தது. அதன் ஆல்பின் அணிக்கு 2026 முதல் மெர்சிடிஸ் எஞ்சின். அணியில் பெரும்பங்கு ரெனோவுக்குச் சொந்தம், எஞ்சின் காசு கொடுத்து வாங்கியது. இதை ஆலை அணி என்று சொல்வதா? உடைமையை மட்டும் பார்த்தால் சொல்லலாம். ஆனால் அந்த எஞ்சின் அதன் ஆலையில் பிறக்கவில்லை. நான் சொல்ல மாட்டேன்.