கண்ணாடி மணி செய்ய எந்த கேஸ்? டார்ச் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காரைக்குடி வட்டாரத்தில் கல்யாண மண்டபம், மெஸ், நகைப் பட்டறை போன்ற இடங்களுக்கு கேஸ் இணைப்புப் போடுவது என் தொழில். கொஞ்ச காலமாக வேறொரு வகை அழைப்பும் வருகிறது. "அண்ணே, வீட்டிலேயே கண்ணாடி மணி செய்யலாம்னு இருக்கேன். டார்ச் ஆர்டர் பண்ணிட்டேன். எந்த கேஸ் போடலாம்?" கேட்பவர்களில் பலர் பாசி கோத்துப் பழகியவர்கள். கடை மணியைக் கோத்தது போதும், மணியையே நாம் செய்வோம் என்ற ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் டார்ச்சை, அதாவது கண்ணாடியை இளக்கும் சுடரை வீசும் கருவியை, வாங்கிவிட்டு கேஸைத் தேடுவது தலைகீழ் வேலை. உங்கள் ஊரில் எந்த கேஸ் முறையாகக் கிடைக்கும், அதை வீட்டில் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் டார்ச்.

எல்லோரும் முதலில் கேட்பது சூட்டைப் பற்றி. எது அதிகச் சூடு தரும்? புரோபேன் காற்றோடு எரிந்தால் சுடரின் வெப்பம் 1,900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதே புரோபேன் ஆக்சிஜனோடு எரிந்தால் ஏறக்குறைய 2,800. கேஸ் மாறவில்லை, கூடச் சேர்ந்தது மட்டும்தான் மாறியது. தொடக்கக்காரர் பழகும் கண்ணாடி, விரிவுக் குணகம் (சூட்டில் எவ்வளவு விரியும் என்ற அளவு) 104 என்று போட்டு விற்கும், இத்தாலியின் முரானோ வகை மென்கண்ணாடித் தண்டு. அது காற்றுச் சுடரிலேயே இளகி, கம்பியில் சுற்றிக்கொள்ளும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆய்வகக் குடுவை செய்யும் போரோசிலிகேட் கண்ணாடிதான் ஆக்சிஜன் இல்லாமல் படியாது. அதை இப்போது தொட வேண்டாம்.

அமெரிக்க வீடியோக்களில் கையடக்கமான மஞ்சள் டப்பாவை டார்ச்சில் திருகி, 'மேப் கேஸ்' என்பார்கள். பழைய மேப் கேஸின் உற்பத்தி 2008-லேயே அங்கே நின்றுவிட்டது. இன்று அந்தப் பெயரை ஒட்டி வருவதில் பெரும்பகுதி புரோபிலீன். நல்ல எரிபொருள்தான், புரோபேனைவிடச் சற்றுச் சூடு அதிகம். ஆனால் காலியானால் தேவகோட்டையில் எங்கே போய் வாங்குவீர்கள்? ஒற்றை கேஸில், காற்றை இழுத்துக்கொண்டு எரியும் 'ஹாட் ஹெட்' டார்ச்சின் மரையும் அந்த டப்பாவுக்கென்று வெட்டியது. நம் ஊர் சிலிண்டரில் நேராக உட்காராது. சமையலறை டார்ச்சுக்கு ஆன்லைனில் விற்கும் பியூட்டேன் டப்பாவும் இதற்குச் சரிப்படாது. மணிக்கணக்கில் எரிக்க அதில் என்ன இருக்கிறது?

வெல்டிங் பட்டறைக்காரர்களைக் கேட்டால் அசெட்டிலீன் என்பார்கள். அவர்கள் கைக்குப் பழகியது அது. கண்ணாடிக்கு ஆகாது. புகைக்கரி படிந்து வெள்ளை மணி சாம்பல் பூத்துவிடும். தவிர, அசெட்டிலீன் தன் போக்கிலேயே வெடிக்கக்கூடியது. அழுத்தத்தில் நிலையாக நிற்காது என்பதால்தான் சிலிண்டருக்குள் அசிட்டோனில் கரைத்து அடைக்கிறார்கள். செம்புக் குழாயில் அதை ஓடவிட்டால் உள்ளே உருவாகும் உப்பு லேசான தட்டலுக்கே வெடிக்கும். வீட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

ஆக, நமக்கு மிஞ்சுவது எல்பிஜி. பியூட்டேனும் புரோபேனும் கலந்தது. வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும் தனிப் புரோபேனுக்கும் இதற்கும் சுடரில் பெரிய வித்தியாசம் தெரியாது. பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்து ஆவியாகிவிடும். குளிர்நாட்டில் அது தொல்லை, செட்டிநாட்டு வெயிலில் பிரச்சினையே இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். புரோபேன் முதலில் ஆவியாகி வெளியேறும், பியூட்டேன் பின்தங்கும். அதனால் சிலிண்டர் தீரும் கட்டத்தில் சுடர் சோர்ந்து தெரியலாம். டார்ச் கெட்டுவிட்டது என்று பிரித்துப் போடாதீர்கள். கல்யாணச் சமையலில் செய்வதுபோல சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைக்கவும் வேண்டாம். பெரிய சமையல்காரர்கள் செய்கிறார்கள் என்பதால் அது சரியான வேலை ஆகிவிடாது.

சமையலறையில் இருக்கும் 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டரை இதற்கு எடுக்கக் கூடாது. 2000-ஆம் ஆண்டு எல்பிஜி வழங்கல் ஆணைப்படி வீட்டு சிலிண்டர் சமையலுக்கு மட்டும்தான். மணி செய்து விற்பது தொழில். சட்டத்தை விடுங்கள், வேலைக்கே அந்த இணைப்பு உதவாது. வீட்டு ரெகுலேட்டர் வெளியே விடும் அழுத்தம் சுமார் 30 மில்லிபார். அதில் ஹாட் ஹெட் தும்மித் தும்மி அணையும். அடையாளச் சான்று காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர் தொடக்கக்காரருக்குப் போதும். தூக்கவும் எளிது. வேலை பெருகினால் 19 கிலோ வணிகச் சிலிண்டருக்குப் போகலாம். வாங்கும்போது கழுத்து வளையத்துத் தகட்டில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். பி-27 என்றால் 2027 ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அது மறுசோதனைக்குப் போக வேண்டும். தேதி தாண்டியதை வாங்காதீர்கள்.

அதனோடு உயர் அழுத்த ரெகுலேட்டர் வேண்டும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை, அளவுமானியுடன். ஹாட் ஹெட்டை ரெகுலேட்டரே இல்லாமல் ஹோஸில் நேராக மாட்டும் பழக்கம் வெளிநாட்டில் உண்டு. அப்போது சிலிண்டரின் முழு அழுத்தமும் ஹோஸில் நிற்கும். நான் போட்டுத் தர மாட்டேன். ஹோஸும் எல்பிஜிக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். அசெட்டிலீனுக்கான சிவப்பு ரப்பரை எல்பிஜி மெல்ல மெல்லக் கெடுத்துவிடும். மாட்டிய பிறகு மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்!

இனி இடம். எனக்கு உண்மையில் பயம் தருவது இதுதான். "முற்றத்துல வச்சுக்கறேன், வானம் பாத்த இடம்தானே" என்கிறார்கள். நடுவில் முற்றம் விட்டுக் கட்டிய நம் வளவு வீடுகளில் முற்றம் தளத்தைவிடத் தாழ்ந்தது. நாலாபக்கக் கூரைத் தண்ணீரும் அங்கே இறங்கி, மடை வழியாக வெளியேறும்படி கட்டியது. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். மேலே போகாது. கசிந்தால் அந்தப் பள்ளத்தில் தேங்கி மடைக்குள் இறங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் இருநூற்றைம்பது லிட்டர் அளவு ஆவி. அந்தி நேரத்தில் வளவில் தரையோடு எரிந்துகொண்டிருப்பது சாமி விளக்கு. ஒரு வீட்டில் மடை வாயிலிருந்து இரண்டடியில் சிலிண்டரை வைத்து, அதன் மேல் ஒரு துணி வேறு போர்த்தியிருந்தார்கள். மாற்ற வைத்தேன். மாடியில் வைத்தாலும் ஆவி படியில் இறங்கிக் கீழேதான் வரும்.

வெளிச்சுவர் திறந்திருக்கும் பின்கட்டுத் தாழ்வாரம் நல்ல இடம். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், சாய்த்தால் ஆவிக்குப் பதில் திரவம் ஹோஸுக்குள் வரும். சித்திரை வெயில் நேராக விழக் கூடாது. ஆத்தங்குடிக் கல் தரைக்குத் தீ பற்றாது, ஆனால் தெறிக்கும் சூட்டுக் கண்ணாடி அதன் மினுமினுப்பைக் கெடுக்கும். தகரத் தகடு விரித்துக்கொள்ளுங்கள். பர்மா தேக்குத் தூணும் விட்டமும் இருக்கும் மூலையைத் தவிர்க்கலாம். சுடர் ஆடுகிறது என்று சன்னலை அடைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தங்கிவிடும், அதற்கு மணமும் கிடையாது. தலைவலி வந்தால் வேலையை நிறுத்தி வெளியே போங்கள். எல்பிஜி கசிவுக்கு நாற்றம் உண்டு. அது வந்தால் சுவிட்சைத் தொடாமல் வால்வை மூடிவிட்டு 1906-ஐ அழையுங்கள்.

ஆக்சிஜன் பிறகு வரட்டும். நிறம் கறுக்கிறது, மணி செய்ய நேரமாகிறது என்று தோன்றும்போது வாங்கலாம். நீர்ப்பச்சை நிறம் செம்பால் வருவது. கேஸ் மிகுந்த சுடரில் காட்டினால் செங்கல் நிறப் படலம் போர்த்திக்கொள்ளும். தண்டைச் சுடரின் நுனிப் பக்கம் தள்ளிப் பிடித்தால் ஓரளவு தப்பும். சிலிண்டர் ஆக்சிஜனைவிட, மருத்துவத்துக்கு உதவும் கான்சென்ட்ரேட்டர் வீட்டுக்குப் பொருத்தம். காற்றிலிருந்தே தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் பிரித்துத் தரும், உயர் அழுத்தச் சிலிண்டர் இல்லாமல் முடியும். ஆனால் அதற்கு ஹாட் ஹெட் ஆகாது. கேஸும் ஆக்சிஜனும் வாயிலில் கலக்கும், 'மைனர்' போன்ற மேசை டார்ச் வேண்டும். ஆக்சிஜன் மரையில் எண்ணெய் படவே கூடாது. இறுகிப்போன மரைக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடும் நம் ஊர் வழக்கம் இங்கே தீயில் முடியும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

கண்ணுக்கு, சுடரில் காட்டிய கண்ணாடியிலிருந்து கிளம்பும் சோடியத்தின் மஞ்சள் ஒளியை வடிக்கும் டிடிமியம் மூக்குக்கண்ணாடி வாங்கிவிடுங்கள், இதில் பேச ஒன்றுமில்லை.

ஆக்சிஜன் சேர்த்த பின் பற்றவைக்கும்போது கேஸ் முதலில், ஆக்சிஜன் பிறகு. அணைக்கும்போது ஆக்சிஜனை முதலில் மூடி, அப்புறம் கேஸ். ஒற்றை கேஸ் என்றால் சிலிண்டர் வால்வை முதலில் மூடி, ஹோஸில் மிச்சமிருப்பதை எரியவிட்டு, கடைசியில் டார்ச்சை மூடுங்கள். டார்ச்சை மட்டும் மூடிவிட்டுத் தூங்கப் போனால் இரவு முழுக்க ஹோஸ் அழுத்தத்திலேயே கிடக்கும்.