அசையாத பென்குயினின் இதயத் துடிப்பு

மும்பை பைக்குல்லாவில், நம்மவர்கள் இன்றும் ராணி பாக் என்றே சொல்லும் உயிரியல் பூங்காவில், குளிரூட்டப்பட்ட கூடமொன்றில் ஹம்போல்ட் பென்குயின்கள் வாழ்கின்றன. தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் வரும் தமிழ்க் குழந்தைகள் கண்ணாடியில் கை பதித்து, "அம்மா, அது பயப்படவே இல்ல பாரேன்" என்று வியப்பதை அங்கே கேட்டிருக்கிறேன். அந்த வியப்பு நியாயமானதுதான். ஆனால் பறவை அசையாமல் நிற்பதை வைத்து மட்டும் அதன் அச்சத்தை அளந்துவிட முடியாது.

அண்டார்டிகாவில் நிலத்தில் வேட்டையாடும் பாலூட்டி எதுவும் இல்லை. அங்குள்ள வளர்ந்த பென்குயினுக்கு உயிராபத்து பெரும்பாலும் தண்ணீருக்குள்தான், சிறுத்தைக் கடல்நாயாகவும் ஓர்க்கா திமிங்கிலமாகவும் காத்திருக்கிறது. ஆகவே பனியின்மேல் நிமிர்ந்து நடந்துவரும் மனிதனைக் கண்டு ஓடும் பழக்கம் அதற்கு வாய்க்கவில்லை. சில வேளைகளில் அதுவே அருகில் வந்து பார்க்கும். இருந்தாலும் அதற்குத் தொந்தரவு நேராதிருக்க, 5 மீட்டராவது விலகி நிற்க வேண்டும் என்று பயணிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது.

பைக்குல்லாவில் இருப்பது அந்த இனமன்று. பெரு, சிலி நாடுகளின் கடற்கரையில் வாழும் ஹம்போல்ட் பென்குயினை மனிதர்கள் இறைச்சிக்காக வேட்டையாடினர், முட்டைகளை எடுத்தனர், அது வளை தோண்டி வாழ்வதற்கான, பறவைகளின் எச்சம் படிந்த அடுக்குகளையும் உரத்துக்காக வெட்டிச் சென்றனர். அடைகாக்கும் பறவையின் அடியில் துடிப்பை உணரும் செயற்கை முட்டையை வைத்து நடத்தப்பட்ட ஆய்வொன்று 2006இல் வெளியானது. 150 மீட்டர் தொலைவில் ஒருவர் கடந்து போனாலே அதன் இதயத் துடிப்பு உயர்ந்தது. நெருங்கிச் சென்றால், பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரம் வரை பிடித்தது. இத்தனைக்கும் பறவை எழுந்து ஓடவில்லை. எழுந்தால் முட்டை வெயிலுக்கும் கடற்காகங்களுக்கும் இரையாகிவிடும் என்பதால் அது அசையாதிருக்கிறது; அதைத் துணிச்சல் என்று நாம் தவறாகப் படித்துவிடுகிறோம். மனிதர்கள் அடிக்கடி வந்துபோகும் இடங்களில் குஞ்சுகள் தேறுவதும் குறைந்திருந்தது.

அப்படியானால் கண்ணாடியருகே வரும் பைக்குல்லா பறவைகள்? 2016இல் சியோலிலிருந்து கொண்டுவரப்பட்ட கூட்டமும் அதன் வழிவந்தவையும் மனிதக் கையிலிருந்து மீன் பெற்று வாழ்பவை. மனித உருவத்தோடு தீங்கல்லாமல் உணவு சேர்ந்து வரும்போது, அச்சம் தணிவது கற்றலின் இயல்பு.

அர்ஜென்டினாவின் புன்ட்டா டோம்போவில் காட்டு மகெல்லன் பென்குயின்களிடமும் இதைக் காணலாம். ஆள் நெருங்கினால் அவை தலையை இருபுறமும் மாற்றி மாற்றித் திருப்பி ஒவ்வொரு கண்ணாலும் பார்க்கும். அது நடனமோ வரவேற்போ அன்று, எச்சரிக்கை. நாள்தோறும் ஒருவர் சென்று நின்றபோது, சில நாட்களிலேயே இந்தத் தலைத் திருப்பல்களும் இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டீரோன் என்னும் அழுத்த ஹார்மோனும் குறைந்தன. ஆனால் பயணிகள் நடமாடும் பகுதியில் முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த குஞ்சுகளைக் கையில் எடுத்துச் சோதித்தபோது, ஆளரவமற்ற பகுதியின் குஞ்சுகளைவிட அவற்றுக்கு அந்த ஹார்மோன் மிகுதியாகச் சுரந்தது. பெற்றோரின் பழக்கம் குஞ்சுக்குப் பிறப்பிலேயே வந்துவிடவில்லை.